பரோபகாரிக்கு முதுகு காட்டிய தீவு

எங்கள் தீவுக்கு எரிவாயு கொண்டுவரும் கப்பலின் பெயர் பரோபகாரி. அதில் மாலுமிகள் கிடையாது. மாலுமி என்று ஒருவன் இருந்தால் சம்பளம் கேட்பான், சாப்பாடு கேட்பான், என்றைக்காவது கரையில் இறங்கி அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துவிடுவான். கம்பெனிக்கு மூன்றுமே வீண்செலவு. ஆகவே கப்பல் தன்னைத் தானே ஓட்டிக்கொண்டது. தன் சரக்குக்குத் தானே விலையும் பேசியது.

விலை பேசும் முறை எளிமையானது. கொம்புத்தீவில் ஒரு வீடு விடாமல் கம்பெனி மீட்டர் மாட்டியிருந்தது. எந்த வீட்டில் எதற்கு எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை மீட்டர் கப்பலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கப்பல் அதை வைத்து, எங்களுக்கு எவ்வளவு அவசரம் என்று கணக்குப் போடும். அவசரம் ஏறினால் விலை ஏறும். மீட்டரை இலவசமாக மாட்டினார்கள். இலவசமாக வந்த எதையும் எங்கள் ஊர் திருப்பி அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை. மாட்ட வந்தவர்களுக்கு நாங்களே கலரும் முறுக்கும் வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவைத்தோம்.

கொம்புத்தீவு தூத்துக்குடிக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் அச்சுக்கூடத்தில் சிந்திய மை மாதிரி தெரியும். தூத்துக்குடியிலிருந்து கடலுக்கு அடியில் மின்கம்பி வரப்போகிறது என்பார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அது பாதித் தூரம் வந்து திரும்பிப் போய்விடும். கூரைகளில் சூரியத் தகடு போட்டிருந்தோம். கார்த்திகை மாதப் புயலில் அவை பறந்துபோயின. இரண்டு தகடுகள் இலங்கைக்காரர் வலையில் சிக்கியதாகக் கேள்வி. ஆக, மிச்சம் இருந்தது எரிவாயு மின்நிலையம் ஒன்றுதான். இது எங்களுக்குத் தெரிந்த அதே நிமிடத்தில் பரோபகாரிக்கும் தெரிந்துவிட்டது.

மின்நிலையத்தின் பொறுப்பாளர் பெனடிக்டா. மீன்பிடி வல்லம் ஓட்டிய குடும்பத்திலிருந்து இஞ்சினியரிங் படித்தவள். அவளுக்கு ஒரே தம்பி, லீனஸ். இரண்டு சிறுநீரகமும் போய், தீவு ஆஸ்பத்திரி டயாலிசிஸ் இயந்திரத்தின் தயவில் வாழ்பவன். அக்காள் மின்சாரம் தயாரிக்கிறாள், தம்பி அதில் உயிரோடிருக்கிறான் என்று ஊரில் சொல்வார்கள். மிகையில்லை.

புயலுக்குப் பின் முதல் முறையாகப் பரோபகாரி தொடுவானத்தில் வந்து நின்றபோது லீனஸ் அக்காளுடன் கட்டுப்பாட்டு அறையில் இருந்தான். கப்பலின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. வானொலியில் செய்தி வாசிக்கிற அம்மாளின் குரல் மாதிரி தேனில் ஊறிய குரல்.

"வணக்கம், கொம்புத்தீவு. புயலால் நீங்கள் அடைந்த துயரத்தில் பரோபகாரி பங்குகொள்கிறது. இன்றைய விலை, சென்ற முறை விலையைவிட மூன்று மடங்கு."

"துயரத்துல பங்கு கொள்ளுதுன்னா, விலையிலயும் பாதிய அதே கட்டணும்லா?" என்றான் லீனஸ்.

"சும்மா இருல." பெனடிக்டா மைக்கைப் பிடித்தாள். "பஞ்சாயத்துல அவ்வளவு பணம் இல்ல."

"உங்கள் நிலைமை எங்களுக்கு முழுமையாகப் புரிகிறது. அதனால்தான் இந்த விலை" என்றது கப்பல். பொய் என்று சொல்ல முடியாது.

*

ஊர்க்கூட்டம் போட்டோம். எங்களுக்குக் கை வந்த கலை ஒன்றுதான், சிக்கனம். ஒரு கருவாட்டை மூன்று குழம்புக்கு வைப்பவர்கள் நாங்கள். ஆகவே ஒரே குரலில் தீர்மானித்தோம்: விளக்கை அணை, மின்விசிறியை நிறுத்து, ஐஸ் பிளாண்டை மூடு. ஆஸ்பத்திரியும் தண்ணீர் மோட்டாரும் மட்டும் ஓடட்டும். அரசாங்க நிவாரணப் படகு டீசல் ஜெனரேட்டரோடு வரும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

தீவு இருண்டது. எங்கள் ஒற்றுமையை நினைத்து எங்களுக்கே கண் கலங்கியது.

மறுநாள் காலை கப்பல் பேசியது. "உங்கள் சிக்கனம் பாராட்டுக்குரியது. இன்றைய விலை நான்கு மடங்கு."

பெனடிக்டாவுக்குச் சட்டென்று உறைத்தது. மீட்டர் படிப்பவனுக்கு இருட்டு என்றால் கூப்பாடு. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியாக இருந்ததாக நினைத்தோம். உண்மையில் ஊரே சேர்ந்து கப்பலைப் பார்த்து 'சாகப்போகிறோம்' என்று கத்தியிருக்கிறோம்.

*

அன்று அவள் வீட்டுக்குப் போகிற வழியில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்று சொல்வது மரியாதைக்கு. வல்லங்கள் வந்து நின்றன, மீன் வெயிலில் கிடந்தது, ஏலக்காரர் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். வியாபாரி கஸ்பார் அண்ணாச்சி மட்டும் மீனுக்கு முதுகைக் காட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இது எங்கள் கரையின் நடைமுறை. கஸ்பார் அண்ணாச்சி மீனைப் பார்க்கமாட்டார். கண்ணாடி மாதிரி கண் பளபளக்கிற சீலா மீனைக் கொண்டுவந்து மடியில் போட்டாலும் பார்க்கமாட்டார். ஐஸ் உருகும், செவுள் நிறம் மாறும், ஏலக்காரர் தானாக இறங்கி வருவார். அப்போதும் அண்ணாச்சி திரும்பாமல், தோளுக்கு மேல் கையை உயர்த்தி ஒரு விரல் காட்டுவார். அதுதான் விலை. புறமுதுகு காட்டுவது வீரனுக்கு இழுக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அண்ணாச்சி அதை வைத்து மூன்று மாடி கட்டியிருந்தார்.

பெனடிக்டா அவர் எதிரே போய் நின்றாள். அவளுடைய அப்பாவின் மீனும் இப்படித்தான் இந்த முதுகுக்குப் பின்னால் கிடந்து அழுகியிருக்கிறது.

"அண்ணாச்சி, ஒரு வியாபாரம் பேசணும்."

"கரண்டு விக்க வந்தியா தாயி? எங்கிட்ட மெழுகுதிரி கெடக்கு."

"கப்பல்கிட்ட விலை பேசணும். எங்களுக்குத் தெரியல."

அண்ணாச்சி டீயை உறிஞ்சினார். "அந்த வாயுவ எப்படி வச்சிருக்கான்?"

"கடுங்குளிர்ல. அவ்வளவு குளிர வச்சாத்தான் தண்ணி மாதிரி ஆகி, கொஞ்ச இடத்துல நெறைய அடங்கும். ஆனா எப்பேர்ப்பட்ட தொட்டின்னாலும் வெளிச்சூடு உள்ள போவும். தினமும் கொஞ்சம் ஆவியாகிட்டே இருக்கும். ஓடும்போது அந்த ஆவிய எரிச்சே இஞ்சின ஓட்டிக்கிடும். சும்மா நின்னா வீணா எரிச்சுத் தள்ளணும்."

"அப்ப பெரிய கப்பலு?"

"அது ரொம்ப நாள் தாங்கும். நம்ம தீவு குடிக்கிற சொட்டுக்குப் பெரிய கப்பல் வந்தா அதுக்குக் கட்டாது. நமக்கு வாரது சின்னது, பழசு. நம்மள விட்டா அடுத்த தீவுக்குத்தான் போவணும், அது ரொம்பத் தொலவு."

கஸ்பார் அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு பக்திப் பரவசம் பரவியது.

"அடப்பாவி. அது மீனு புள்ள! ஐஸ் உருகுத மீன வச்சிக்கிட்டா அவன் இவ்வளவு ஆட்டம் ஆடுதான்?"

"எங்களுக்குத் தோணலியே அண்ணாச்சி."

"எப்படித் தோணும்? நீ மீன் விக்கிற வீட்டுல பொறந்தவ. நான் வாங்குத வீடு. கேட்டியா, பசிச்சவன் வெல பேசவே கூடாது. நான் கரைக்கு வாரப்ப வயிறு முட்டத் தின்னுட்டுப் பல்லுக் குத்திக்கிட்டுத்தான் வருவேன். நீங்க என்னடான்னா வெளக்க அணைச்சு, வயித்த அமுக்கிக்கிட்டுப் படுத்துக் கெடக்கிய. இதப் பாத்து எவன் கொறைப்பான்?"

"என்ன செய்யச் சொல்லுதிய?"

"திருவிழா போடு. இருக்கிற வாயுவ எல்லாம் எரி. வேற எவனோ நமக்கு அள்ளி ஊத்துதான்னு அது நெனைக்கணும்."

பெனடிக்டா வெயிலில் கிடந்த மீனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"ஐஸ் பிளாண்டு மூடிக் கெடக்குல்லா? ஒரு வருசத்துக்கு அது அப்படியே கெடக்கட்டும்."

ஐஸ் இல்லாவிட்டால் வல்லக்காரர்கள் மீனை வைத்துக் காத்திருக்க முடியாது. அவர் விரல் காட்டும் விலைக்குத் தள்ளிவிட்டுப் போகத்தான் வேண்டும்.

"ஒரு வருசமா? அநியாயமா இருக்கே."

"ஒனக்கு வேற வழி இல்லல்லா" என்றார் அண்ணாச்சி, மிகுந்த வாஞ்சையோடு. "அதான் அந்த வெல."

அவள் தலையசைத்தாள்.

*

லீனஸிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கினால், தொட்டியில் மிச்சமிருந்த வாயு அவனுடைய இயந்திரத்தைச் சில வாரங்கள் ஓட்டும். திருவிழா போட்டால் சில நாட்களில் தீர்ந்துவிடும். நிவாரணப் படகு என்றைக்கு வரும் என்று அரசாங்கத்துக்கே தெரியாது. கப்பல் மசியாவிட்டால் அவன் கதை முடிந்தது. அவள் இதை அவனிடம் கேட்கவில்லை. கேட்காமல் நின்றாள். அதுவே கேட்டது மாதிரிதான் இருந்தது.

லீனஸ் வாயில் ஓர் ஐஸ் துண்டை அடக்கியிருந்தான். டயாலிசிஸ்காரர்கள் ஆசைக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. தாகம் எடுத்தால் இப்படி ஒரு துண்டை வைத்து ஏமாற்றிக்கொள்வார்கள். வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்த கடைசித் துண்டு அது.

"அக்கா, இத்தன நடையும் கப்பல் வெல சொன்ன கணக்க நீ பாத்தியா? செவ்வா, வியாழன், சனி இந்த மூணு நாளும் வெல ஏறுது. ஏன்?"

அவளுக்குத் தெரியும்.

"என் மெசின் ஓடுத நாளு. இந்த ஊருல எவன் இல்லாம இருக்க முடியாதுன்னு அது கண்டுபிடிச்சு வச்சிருக்கு. என்னக் காட்டித்தான் ஊருக்கே வெல பேசுது. நான் என்ன, சந்தையில காலக் கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டியா?"

"லீனசு..."

"கொளுத்துங்க. எல்லாத்தையும் கொளுத்துங்க. அப்புறம், வார வியாழனும் சனியும் நான் ஆஸ்பத்திரிக்குப் போவல. மெசின் ஓடாண்டாம். செத்துட்டான்னு நெனைக்குமோ, தேறிட்டான்னு நெனைக்குமோ, கப்பல் மண்டையப் பிச்சிக்கிடட்டும்."

"மூச்சு முட்டும்ல."

"முட்டட்டும். இத்தன நாளும் அதுக்கு எதிரா நான் செய்யக்கூடியது ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். ஒண்ணு இருக்கு. போவாம இருக்கது."

*

பங்குச்சாமியாரிடம் ஒரு திருவிழா வேண்டும் என்று கேட்டோம். எந்தப் புனிதருக்கு என்று அவர் கேட்டார். நெருக்கடியில் கைவிடாத யாராவது என்றோம். "எல்லாருமே அதுக்குத்தான இருக்காங்க" என்று சலித்துக்கொண்டு, வருடம் முழுவதும் யாருமே நேர்ச்சை போடாத ஒரு சின்னப் புனிதரை மூலைமாடத்திலிருந்து இறக்கித் தூசி தட்டினார். பாவம், அவருக்கு அதுதான் முதல் சப்பரம்.

கோயில் கோபுரத்துக்கு சீரியல் லைட். தெருவெல்லாம் குழல் விளக்கு. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. பஞ்சாயத்து ஆபீஸில் ஏ.சி. போட்டு, குளிர் தாங்காமல் கிளார்க் துண்டைப் போர்த்திக்கொண்டார். அத்தனை வீட்டுக் கிரைண்டரும் நண்பகலில் ஓடின. ஊரே மாவாட்டியது. அடுத்து வந்த நாட்களில் காலையும் மாலையும் இட்லி, புளித்த பின் ஊத்தப்பம், அதற்கும் பின் அதற்குப் பெயர் இல்லை.

வீணடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாக சுவிட்சை அணைக்கிறது. மரிய செல்வி அக்காள் யாருக்கும் தெரியாமல் பின்வாசல் விளக்கை மூன்று தடவை அணைத்துப் பிடிபட்டாள். லீனஸ் தெருத்தெருவாகப் போய்க் காவல் காத்தான். "யக்கா, லைட்டப் போடு! கிரைண்டரு ஏன் நிக்கிது? மாவு இல்லன்னா சும்மா சுத்தவிடு! ஊருக்கு துரோகம் பண்ணாத!"

இன்னொரு கட்டளையும் இருந்தது. யாரும் கடலைப் பார்க்கக்கூடாது. கப்பலில் கேமரா உண்டு, கரையில் எத்தனை பேர் தன்னை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று அது எண்ணும் என்றாள் பெனடிக்டா. ஆகவே நாற்காலிகளைக் கரையில் வரிசையாகப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தோம். கடலைப் பார்த்தே பிழைத்தவர்களுக்குக் கழுத்து வலிக்கத்தான் செய்தது.

கப்பல் கூப்பிட்டது. "கொம்புத்தீவு மக்களுக்குத் திருவிழா வாழ்த்துகள். இன்றைய விலை மூன்று மடங்கு."

மைக்கைப் பிடித்திருந்தவர் கஸ்பார் அண்ணாச்சி. "யாரு? பரோபகாரியா? இப்ப நேரமில்லம்மா, சப்பரம் வருது. அப்புறமாக் கூப்பிடு." வைத்துவிட்டார்.

மறுபடியும் கூப்பிட்டது. "உங்களுக்கு வேறு விநியோகஸ்தர் கிடைத்திருப்பதாக அறிகிறோம். நீண்டகால நட்பை முன்னிட்டு இரண்டு மடங்கு."

"எந்த நட்பு?" என்றார் அண்ணாச்சி, ஒரு கொட்டாவியோடு.

வியாழன் வந்தது, சனிக்கிழமை வந்தது. லீனஸ் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஞாயிறன்று அவன் கால் கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்தது. பேசினால் நடுவில் மூச்சு வாங்கியது. தொட்டியின் முள் அடியில் போய் நின்றது. இன்னும் ஒரு நாள் ஓடினால் ஊர் உண்மையிலேயே இருண்டுவிடும். அப்புறம் எந்தப் புனிதராலும் நடிக்க முடியாது.

பெனடிக்டா வயர்லெஸ் பெட்டியைத் தம்பியின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

"இன்றைய விலை, சென்ற முறை கொடுத்த அதே விலை" என்றது கப்பல்.

"போதும் புள்ள, வாங்கிரு" என்றார் கஸ்பார் அண்ணாச்சி. லீனஸின் காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நல்ல வெலதான்."

லீனஸ் தலையை ஆட்டினான். "இல்ல."

"ஏலே, செத்துப்போவ!"

"அண்ணாச்சி... எங்கய்யா மீனுக்கு... நீரு இந்த நேரத்துலயா திரும்பிப் பாத்தீரு?" மூச்சு வாங்கினான். "நாறட்டும்."

பெனடிக்டா அவனைப் பார்த்தாள். எழுந்து திரும்பி ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. லீனஸ் அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் பழைய மாதா பாட்டு ஒன்று அலறிக்கொண்டிருந்தது. தொடுவானத்தில் பரோபகாரி விற்காத சரக்கின் ஆவியை எரித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் கூட அந்தச் சுவாலை தெரிந்ததாம். நாங்கள் பார்க்கவில்லை.

கடைசியில் அது பேசியது. தேன் கொஞ்சம் குறைந்திருந்தது.

"பாதி விலை."

லீனஸ் கண்ணை மூடியபடி, தோளுக்கு மேல் கையை உயர்த்தி, ஒரு விரலைக் காட்டினான்.

*

பாதி விலைக்கு வாயு இறங்கியது. லீனஸை இயந்திரத்தில் போட்டார்கள். இரண்டு நாள் இழுபறிக்குப் பின் கண்ணைத் திறந்து, "திருவிழா முடிஞ்சிட்டா? லைட்ட அணைங்க, கரண்டு வீணாகுது" என்றான். டாக்டர் சிரித்துக்கொண்டே அழுதார்.

அன்றைக்கே பெனடிக்டா ஐஸ் பிளாண்டின் சுவிட்சைப் போட்டாள்.

கஸ்பார் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "வாக்குக் குடுத்தியே தாயி. ஒரு வருசம்."

"குடுத்தேன்."

"அப்புறம்?"

"எனக்கு வேற வழி இல்லன்னு பாத்துத்தான அந்த வெல சொன்னிய? மூச்சு முட்டுதவன்கிட்ட காத்துக்கு வெல பேசுனா அது வெலயா அண்ணாச்சி? கப்பலுக்குக் குடுக்கமாட்டோம்னு என் தம்பி செத்துப் பொழச்சிருக்கான். அதே வெலய உங்களுக்கு மட்டும் எதுக்குக் குடுக்கணும்?"

"ஏ, அதுவும் நானும் ஒண்ணா? நான் ஊருக்காக வந்தவன்."

"கப்பலும் அதத்தான் அண்ணாச்சி சொல்லுது" என்றான் லீனஸ், படுக்கையில் இருந்தபடி. "உங்க கொரல்ல தேன் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை வழக்கம்போல் கரைக்கு வந்தார், மீனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், டீ குடித்தார். வல்லங்கள் வந்தன. மீன் வெயிலில் இறங்கவில்லை, ஐஸ் பெட்டிக்குள் போனது. வல்லக்காரர்கள் அவருக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். டீ ஆறியது. வெயில் ஏறியது. கஸ்பார் அண்ணாச்சி நாற்காலியில் மெல்ல நெளிந்தார். பிறகு, எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாக, திரும்பி மீனைப் பார்த்தார்.

அடுத்த நடைக்குப் பரோபகாரி வந்தது. வந்து, தொடுவானத்தில் நின்றது. கூப்பிடவில்லை. வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை, துயரத்தில் பங்கு இல்லை. ஒரு நாள் போயிற்று. பெனடிக்டா கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தொலைநோக்கியில் பார்த்தாள். கப்பல் தன் பின்புறத்தைத் தீவின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றது.

"நம்மளப் பாத்துப் படிச்சிட்டு" என்றாள்.

"நல்ல மாணவன்" என்றான் லீனஸ். வாயில் ஐஸ் பிளாண்டின் புது ஐஸ் துண்டு கரைந்துகொண்டிருந்தது. "ஆனா உருகுறது இன்னும் அதுக்குத்தான். நாற்காலிய எடுங்க."

எடுத்தோம். கிரைண்டர்களைக் கழுவினோம். சின்னப் புனிதரை மறுபடியும் இறக்கினோம், அவரும் பழகியிருந்தார். கரையில் வரிசையாக உட்கார்ந்து கடலுக்கு முதுகைக் காட்டினோம். கொஞ்ச நேரம் கழித்துக் கஸ்பார் அண்ணாச்சியும் நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் மேல் இருந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. நாற்காலியை எந்தப் பக்கமாகப் போடுவது என்று தெரியாமல் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்ட வேண்டுமென்றால் கப்பலைப் பார்த்தல்லவா உட்கார வேண்டும்.

"சீக்கிரம் அண்ணாச்சி" என்றான் லீனஸ். "அது எண்ணிக்கிட்டிருக்கு."

அவர் எங்களைப் பார்த்தார். கடலைப் பார்க்காமல் பார்த்தார். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே நாற்காலியை எங்கள் வரிசையில் போட்டு, உட்கார்ந்து, "டீ எங்கவே?" என்றார்.